லிசா வந்தால் ஐன்ஸ்டீனுக்கு மாற்றான ஈர்ப்புக் கோட்பாடுகளைச் சோதித்துவிட முடியுமா?

#1 நீள்வட்டம்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் 1915-ல் வந்தது. அன்றிலிருந்து வைத்த பரீட்சை எல்லாவற்றிலும் தேறியிருக்கிறது. புதனின் பாதை நூறாண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்வதற்குக் கணக்குச் சொன்னது. 1974-ல் கண்டுபிடித்த ஹல்ஸ்-டெய்லர் பல்சார் சுற்றுப்பாதை சுருங்குவதற்கும் கணக்குச் சொன்னது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற தரைக் கருவி பிடித்த முதல் ஈர்ப்பலை (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வு) கூட அது சொன்ன வடிவத்திலேயே வந்தது.

இப்போது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், விண்வெளியிலிருந்தே ஈர்ப்பலைகளைக் கேட்கப் போகும் லிசாவுக்கு 2024 ஜனவரியில் இறுதி ஒப்புதல் கொடுத்துவிட்டது. 2035-ல் ஏவுவதாகத் திட்டம். மூன்று கலங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 25 லட்சம் கி.மீ. அதன் நோக்கங்களில் ஒன்றாக மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளைச் சோதிப்பதையும் சொல்கிறார்கள்.

தரையில் உள்ள கருவிகளால் முடியாத எதை இது செய்யப் போகிறது? இன்னும் கொஞ்சம் துல்லியம் கூடும், அவ்வளவுதானா? அல்லது வேறு மாதிரியான சோதனையா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

#2 அலைமுகம்

நல்ல கேள்வி, நீள்வட்டம். சில வருடங்கள் அலைவடிவக் கணக்கு வேலையில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் விட்டுவிட்டு வந்து பார்த்தால், நாளுக்கு ஒரு நொடி பிந்தினாலும் அரை நிமிடம் பிந்தியிருக்கும். சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும்.

2015-ல் வந்த அந்த முதல் சிக்னல் லைகோவின் காதில் விழுந்தது சுமார் 0.2 நொடிதான். அதில் இருந்தவை ஏறக்குறைய 8 அலைச் சுற்றுகள். இரண்டு கருந்துளைகள் கோடிக்கணக்கான வருடங்கள் சுற்றிவந்த கதையின் கடைசி வரியை மட்டும் கேட்டோம்.

லிசாவின் அலைவரிசை வேறு. 0.1 மில்லிஹெர்ட்ஸ் முதல் 1 ஹெர்ட்ஸ் வரை. அங்கே கேட்பது மெதுவான அலைகள், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்து வருபவை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது எம்ரி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் வகை. 10 சூரிய நிறை உள்ள ஒரு சிறு கருந்துளை, ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள 10 லட்சம் சூரிய நிறைக் கருந்துளைக்குள் மெல்ல மெல்ல விழுவது. விழும் கடைசி ஓர் ஆண்டில் மட்டும் சுமார் ஒரு லட்சம் சுற்று சுற்றும். அந்த ஒரு லட்சத்தையும் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

8 சுற்றை எண்ணிச் சோதிப்பதும் ஒரு லட்சம் சுற்றை எண்ணிச் சோதிப்பதும் ஒன்றல்ல. கோட்பாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு கோளாறு இருந்தாலும் கடைசியில் ஒரு முழுச் சுற்று தப்பிவிடும். ஆகவே, இது துல்லியம் கூடும் விஷயமும்தான், வேறு மாதிரியான சோதனையும்தான்.

#3 வெண்குள்ளன்

அலைமுகம் சொன்னதோடு கருவிப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். அதைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

ஈர்ப்பலை வந்தால் நீளம் எவ்வளவு மாறும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 10-இன் அடுக்கு மைனஸ் 21 என்ற விகிதத்தில் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். லைகோவின் கரம் 4 கி.மீ. அதில் மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு. லிசாவின் 25 லட்சம் கி.மீ. கரத்தில் அதே அலை 2.5 பைக்கோமீட்டர் மாற்றும். அதுவும் ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவுதான். ஆனால் லேசரால் அளக்க முடிந்த தூரம்.

எதை எதிலிருந்து அளக்கிறார்கள்? கலத்தை அல்ல. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தங்கமும் பிளாட்டினமும் கலந்த இரண்டு கனசதுரக் கட்டிகள் மிதக்கும். பக்கத்துக்கு 46 மி.மீ., எடை சுமார் 2 கிலோ. உள்ளங்கையில் அடங்கும் அளவு. எதிலும் ஒட்டாமல், எதுவும் தொடாமல், ஈர்ப்பு மட்டுமே இழுக்கும்படி அது விழுந்துகொண்டே இருக்க வேண்டும். சூரிய ஒளி கலத்தைத் தள்ளும். அப்போது கலம்தான் மைக்ரோநியூட்டன் அளவு உந்துவிசையால் தன்னைச் சரிசெய்துகொண்டு கட்டியைத் தொடர்ந்து போகும், கட்டியை அது தொடாது. காஸ்மிக் கதிர்கள் பட்டுக் கட்டியில் மின்னூட்டம் சேரும். அதையும் தொடாமல் எடுக்க வேண்டும் என்பதால் புற ஊதா ஒளியை அடித்து இறக்குகிறார்கள்.

இதெல்லாம் கனவு இல்லை. 2015 டிசம்பர் 3-ல் ஏவிய லிசா பாத்ஃபைண்டர் கலத்தில் இப்படி இரண்டு கட்டிகளை 38 செ.மீ. இடைவெளியில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். 2017 நடுவில் அது முடிந்தபோது லிசாவுக்கே தேவையான அமைதியைத் தாண்டியிருந்தது. அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

#4 பொறிவண்டு

கருவி அற்புதம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தலைப்பில் கேட்டிருக்கும் கேள்விக்கு என் பதில், அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதுதான்.

2017 ஆகஸ்ட் 17. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமா கதிர் வந்தது. 13 கோடி ஒளியாண்டு தூரம் இரண்டும் ஓடிவந்து, இடையில் வெறும் 1.7 நொடி வித்தியாசம். ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் 10-இன் அடுக்கு 15-இல் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று என்று அந்த ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலை விளக்க எழுதப்பட்ட எத்தனையோ கோட்பாடுகளில் ஈர்ப்பலை வேறு வேகத்தில் போகும். அவை எல்லாம் அன்றே விழுந்தன.

மிச்சம் இருப்பவை சூரியக் குடும்பத்திலேயே நெருக்கப்பட்டவை. 1961-ல் வந்த பிரான்ஸ்-டிக்கி கோட்பாட்டில் ஓர் எண் இருக்கிறது. அது எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஐன்ஸ்டீனோடு ஒத்துப்போகும். சனிக் கோளுக்குப் போன காசினி கலத்தின் ரேடியோ அலை சூரியனுக்கு அருகே கடந்ததை அளந்து, அந்த எண் 40,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்று 2003-ல் காட்டிவிட்டார்கள். இதற்கு மேல் சோதிக்க என்ன பாக்கி?

#5 கணக்குப்பிள்ளை

பொறிவண்டு, 2017 பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஓட்டை.

அன்று அளந்த அலைகளின் அதிர்வெண் சில பத்து ஹெர்ட்ஸ் முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரை. நீங்கள் சொல்லும் கோட்பாடுகள் பெரும்பாலும் ஹார்ன்டெஸ்கி குடும்பம், அதாவது ஈர்ப்போடு ஒரு கூடுதல் புலத்தையும் சேர்ப்பவை. (1974-ல் அந்தப் பொதுவடிவத்தை எழுதிய கிரிகரி ஹார்ன்டெஸ்கி பிறகு இயற்பியலை விட்டு ஓவியராகிவிட்டார். அவர் எழுதியதை உலகம் திரும்ப எடுத்துப் படிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.) இருண்ட ஆற்றலுக்காக அந்தக் கோட்பாடுகளை அமைக்கும்போது அவை செல்லுபடியாகும் எல்லையும் கூடவே வந்துவிடுகிறது. அந்த எல்லை சில நூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் விழுகிறது! அந்த எல்லைக்கு அருகே கோட்பாடு சொல்வதை அப்படியே நம்ப முடியாது. அதிக அதிர்வெண்ணில் வேகம் ஒளி வேகத்துக்குத் திரும்பிவிடலாம், குறைந்த அதிர்வெண்ணில் மாறியே இருக்கலாம். கிளாடியா டி ராம், ஸ்காட் மெல்வில் இருவரும் 2018-ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

ஆக, விழுந்தவை என்று நீங்கள் சொன்ன கோட்பாடுகளை மில்லிஹெர்ட்ஸில் இன்னும் யாரும் சோதிக்கவில்லை. அதைச் செய்யத்தான் லிசா வேண்டும்.

எப்படிச் செய்வது என்றால், ஒரு கருந்துளை இணையை லிசா சில வருடம் முன்னதாகவே கேட்டு, இந்த நாள் இந்த நேரத்தில் மோதும் என்று கணித்துவிடும். மோதல் தரைக் கருவிகளில் விழும். மில்லிஹெர்ட்ஸ் அலை 10-இன் அடுக்கு 15-இல் ஒரு பங்கு மட்டும் வேகம் குறைந்து வந்திருந்தால், 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் அது சுமார் 40 நொடியாகச் சேரும். கணித்த நேரத்துக்கும் மோதிய நேரத்துக்கும் 40 நொடி இடைவெளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் ஈர்ப்புத்துகளின் நிறை. ஈர்ப்பைச் சுமந்துவரும் துகளுக்கு நிறை இருந்தால், நீளமான அலை மெதுவாக வரும், குட்டை அலை வேகமாக வரும். எவ்வளவு தாமதம்? அலைநீளத்தை அந்தத் துகளின் காம்ப்டன் நீளத்தால் (துகளின் நிறை குறையக் குறைய நீளும் ஓர் அளவு) வகுத்து, வர்க்கம் எடுத்து, பாதியாக்கி, பயண நேரத்தால் பெருக்க வேண்டும்.

2015 சிக்னலுக்குப் போடுவோம். 35 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 8,600 கி.மீ. காம்ப்டன் நீளம் 10 லட்சம் கோடி கி.மீ. என்று வையுங்கள். தாமதம் 0.015 நொடி வருகிறது. அந்த அலையின் ஒரு சுற்றே 0.029 நொடி. அரைச் சுற்று தப்பினால் தெரிந்திருக்கும், தெரியவில்லை. ஆகவே காம்ப்டன் நீளம் அதைவிடப் பெரிது என்று முடிவு. லைகோ அந்தச் சிக்னலிலிருந்து சொன்ன வரம்பும் இதே அளவுதான்.

இப்போது லிசா. 1 மில்லிஹெர்ட்ஸ், அலைநீளம் 30 கோடி கி.மீ. மூலம் 1000 கோடி ஒளியாண்டு தூரத்தில். காம்ப்டன் நீளத்தை ஆயிரம் மடங்கு கூட்டி 100 கோடி கோடி கி.மீ. என்று வையுங்கள். தாமதம் 140 நொடி! ஒரு சுற்று 1000 நொடி. ஏழில் ஒரு பங்கு தப்பும். லிசாவில் இந்தப் பெரிய கருந்துளை மோதல்கள் இரைச்சலைவிட நூற்றுக்கணக்கான, சில ஆயிரம் மடங்கு சத்தமாகக் கேட்கும். ஏழில் ஒரு பங்கு தாராளமாகத் தெரியும்.

#6 பொறிவண்டு

சரி, அதிர்வெண் எல்லை பற்றிய விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வருகிறேன். நான் "முடிந்துவிட்டது" என்று சொன்னது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

#7 சுடரொளி

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன், எல்லாருக்கும் நன்றி. முதுகலை முதலாண்டு மாணவி நான். "இருமுனைக் கதிர்வீச்சு" என்ற சொல்லை மாற்றுக் கோட்பாடு என்றாலே பார்க்கிறேன். ஐன்ஸ்டீனில் அது கிடையாது என்பது புரிகிறது. ஆனால் அது ஏன் லிசாவில் பெரிதாகத் தெரியும், லைகோவில் தெரியாது? மோதும் நேரத்தில்தானே எல்லாமே உச்சத்தில் இருக்கும்?

#8 அலைமுகம்

சுடரொளி, நீங்கள் கேட்டது இந்த இழையின் மையமான கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நிறை பரவியிருக்கும் விதத்தை எளிமையானதிலிருந்து சிக்கலானது வரை ஒருமுனை, இருமுனை, நான்முனை என்று பிரிப்போம். பொதுச் சார்பியலில் ஈர்ப்பலை நான்முனையிலிருந்து தொடங்குகிறது. நிறை அழியாது, மொத்த உந்தம் மாறாது, அதனால் ஒருமுனையும் இருமுனையும் அலை வீசாது. மாற்றுக் கோட்பாடுகள் பலவற்றில் ஈர்ப்போடு கூட ஒரு ஸ்கேலர் புலமும் (ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஓர் எண்ணால் சொல்லிவிடக்கூடிய புலம்) இருக்கும். பொருள்களுக்கு நிறை இருப்பது போல அந்தப் புலத்துக்கான ஒரு "மின்னூட்டம்" போன்ற அளவும் இருக்கும். இரண்டு பொருளின் அந்த அளவுகள் வேறுவேறாக இருந்தால், சுற்றும்போது இருமுனை அலை வீசி ஆற்றலை இழக்கும்.

நான்முனை வீச்சோடு ஒப்பிட்டால் இருமுனை வீச்சு வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். அதாவது மெதுவாகச் சுற்றும்போதுதான் அதன் பங்கு பெரிது. மோதும்போது எல்லாமே உச்சத்தில் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நான்முனை அதைவிட வேகமாக ஏறி இருமுனையை மூழ்கடித்துவிடும்.

எண்ணில் பாருங்கள். 2015-ல் மோதிய அதே இணையை லைகோ 100 ஹெர்ட்ஸில் கேட்டது. அது மோதுவதற்குச் சுமார் 15 ஆண்டு முன்னால் 0.01 ஹெர்ட்ஸில் இருந்திருக்கும். அதிர்வெண் பத்தாயிரம் மடங்கு குறைவு. இருமுனையின் பங்கு அதிர்வெண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கில் மாறும். போட்டுப் பார்த்தால் 460 மடங்கு பெரிது. அதோடு வருடக்கணக்கில் எண்ணும் வசதியும் சேர்கிறது. லிசாவும் தரைக் கருவியும் சேர்ந்து அப்படி ஓர் இணையைப் பார்த்தால், இருமுனைக்கான வரம்பு லைகோ மட்டும் தருவதைவிட லட்சக்கணக்கான மடங்கு இறுகும் என்று 2016-லேயே கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. அப்படிப்பட்ட இணைகள் லிசாவில் மிக மெல்லியதாகத்தான் கேட்கும். சில மட்டுமே கிடைக்கலாம். ஆகவே என் நம்பிக்கை எல்லாம் எம்ரி மேல்தான். காரணம் இதோ.

ஐன்ஸ்டீன்-கவுஸ்-போனே என்ற வகைக் கோட்பாட்டில் கருந்துளைகளுக்கும் ஸ்கேலர் அளவு உண்டு. அது நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 10 சூரிய நிறைக்கும் 10 லட்சம் சூரிய நிறைக்கும் விகிதம் ஒரு லட்சம். வர்க்கம் ஆயிரம் கோடி. அதாவது பெரிய கருந்துளை நடைமுறையில் ஐன்ஸ்டீன் கோட்பாட்டின் கெர் கருந்துளையேதான் (நிறையும் சுழற்சியும் மட்டுமே கொண்டது)! எத்தனை நுணுக்கமாக அதன் வடிவத்தை அளந்தாலும் புதிய கோட்பாடு தெரியாது. அந்த அளவைச் சுமந்து வருவது விழும் சிறியது மட்டும். அது சுற்றும்போது கொஞ்சம் கூடுதலாக ஆற்றலை இழக்கும். ஒரு லட்சம் சுற்றில் அந்தக் கூடுதல் இழப்பு சேரும்.

பெரிய கருந்துளையை ஆராயத்தான் எம்ரி என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அது தலைகீழாகிறது. பெரியது ஒரு சுத்தமான தராசு, எடை போடப்படுவது சின்னது. இதை முதலில் உணர்ந்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

#9 சுடரொளி

மிக்க நன்றி சார். "மெதுவாகச் சுற்றும்போதுதான் பங்கு பெரிது" என்ற ஒரு வரியில் புரிந்துவிட்டது. இரட்டைப் பல்சாரில் இருமுனைக்கு இவ்வளவு இறுக்கமான வரம்பு கிடைப்பதும் இதே காரணம்தானே? அங்கேயும் வேகம் குறைவு.

#10 அலைமுகம்

அதேதான். ஆனால் பல்சார்கள் நியூட்ரான் விண்மீன்கள். பிரான்ஸ்-டிக்கி போன்றவற்றில் நியூட்ரான் விண்மீனுக்கு ஸ்கேலர் அளவு உண்டு, கருந்துளைக்கு இல்லை. கவுஸ்-போனே வகையில் கருந்துளைக்கு உண்டு, நியூட்ரான் விண்மீனுக்கு இல்லாமலும் போகலாம். இரண்டு பக்கமும் சோதித்தால்தான் வலை முழுதாகும்.

#11 தென்திசை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாண்ட் கோட்பாட்டை லிசா சோதிக்குமா? இருண்ட பொருளே இல்லை, ஈர்ப்பு விதிதான் மாறுகிறது என்று 1983-ல் மில்க்ரம் சொன்னது.

#12 வெண்குள்ளன்

நேரடியாக அல்ல, தென்திசை. மாண்ட் வேலை செய்வது மிக மிகச் சிறிய முடுக்கத்தில். லிசா கேட்கும் கருந்துளைகளின் பக்கத்தில் முடுக்கம் அதற்கு நேர் எதிர். ஆனால் மாண்டைச் சார்பியலோடு சேர்த்து எழுதிய பெக்கன்ஸ்டைனின் 2004 கோட்பாடு 2017 வேகச் சோதனையில் அடிவாங்கியது. ஈர்ப்பலை ஒளி வேகத்திலேயே போகும்படி ஸ்கார்டிஸ், ஸ்லோஸ்னிக் இருவரும் 2021-ல் புதிதாக ஒன்றை எழுதினார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சமமாகி அழிந்துபோகும் ஒரு புள்ளி பூமியிலிருந்து சுமார் 2,59,000 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே முடுக்கம் சுழியை நெருங்கும். பாத்ஃபைண்டர் தன் வேலை முடிந்ததும் அந்தப் புள்ளி வழியாகப் பறந்து மாண்டைச் சோதிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. நடக்கவில்லை. உலகிலேயே அமைதியான முடுக்கமானி கையில் இருந்தது, புள்ளியும் இருந்தது.

#13 பொறிவண்டு

படித்துவிட்டு வந்தேன். கணக்குப்பிள்ளை சொன்ன அதிர்வெண் விஷயம் சரியே.

இப்போது எனக்கு அதைவிடப் பெரிய கவலை வருகிறது. அதை இங்கே வைக்கிறேன். ஒரு லட்சம் சுற்று எண்ணிக் கடைசியில் ஒரு சுற்று தப்புகிறது என்று வையுங்கள். அது ஈர்ப்பு விதியின் கோளாறு என்று எப்படிச் சொல்வீர்கள்? பெரிய கருந்துளையைச் சுற்றி வாயுத் தட்டு இருந்தால் அதுவும் சிறியதை உரசி மெதுவாக்கும். பக்கத்தில் மூன்றாவது விண்மீன் ஒன்று இருந்து இழுக்கலாம். அதோடு நம் கணக்கிலேயே பிழை இருக்கலாம். பொதுச் சார்பியல் சொல்லும் அலைவடிவத்தையே ஒரு லட்சம் சுற்றுக்குத் தப்பில்லாமல் எழுதி முடித்துவிட்டோமா?

யுரேனஸ் பாதையில் தப்பு தெரிந்தபோது லெவெரியே ஒரு புதுக் கோள் இருக்கும் என்றார். 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. புதன் பாதையில் தப்பு தெரிந்தபோதும் 1859-ல் அவரே, உள்ளே இன்னொரு கோள் இருக்கும் என்றார். தேடினார்கள், கிடைக்கவே இல்லை. அங்கே மாற வேண்டியது நியூட்டனின் விதி. ஒரே மனிதர், ஒரே முறை. ஒரு தடவை பொருள், இன்னொரு தடவை விதி. லிசாவில் தப்பு தெரிந்தால் அது நெப்டியூனா புதனா என்று எதை வைத்துத் தீர்ப்பது?

#14 அலைமுகம்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், பொறிவண்டு. இந்தத் துறையில் இருப்பவர்கள் இரவில் விழித்திருந்து யோசிக்கும் கேள்வி இதுதான்.

முதலில் நம் கணக்கு. எம்ரிக்கு அலைவடிவம் எழுதுவது இன்னும் முடியாத வேலைதான். சிறியது தன் ஈர்ப்பாலேயே தன் பாதையை மாற்றிக்கொள்கிறது. அந்தத் தன்விளைவை இரண்டாம் படி வரை கணக்கிட்டாக வேண்டும். சுழலாத கருந்துளையில், வட்டப் பாதைக்குச் செய்துவிட்டார்கள். சுழலும் கருந்துளையில் சாய்ந்த நீள்வட்டத்துக்கு இன்னும் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2035-க்குள் இது முடியாவிட்டால் கருவி தயாராக இருக்கும், அதற்கு வைக்கும் விடைத்தாள் இருக்காது. கருவிக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதி இந்தக் கணக்குக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆதங்கம்.

அடுத்தது வாயு. வாயுவின் உரசல் அலையின் சுற்றுக் கணக்கில் சேரும் விதம் வேறு, இருமுனை வீச்சு சேரும் விதம் வேறு. அதிர்வெண் ஏற ஏற ஒவ்வொன்றும் வெவ்வேறு அடுக்கில் மாறும். வாயுவின் விளைவு பொதுவாகப் பாதை அகலமாக இருக்கும் தொடக்கத்தில்தான் பெரிதாக இருக்கும், உள்ளே வர வர மங்கும். சங்கடம் என்னவென்றால் இருமுனையும் அதே திசையில்தான் மாறுகிறது. அடுக்கு வேறு என்பதால் நீண்ட சிக்னலில் பிரிக்கலாம், குறுகியதில் கஷ்டம்.

கடைசித் தீர்ப்பு ஒரு சிக்னலில் கிடைக்காது என்பதே என் எண்ணம். விதி என்றால் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வாயு ஒரு மண்டலத்தில் அடர்த்தியாக இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பத்து எம்ரி கிடைத்து, பத்திலும் நிறைக்குத் தக்கபடி ஒரே மாறிலி வெளிவந்தால் அது விதி. ஒன்றில் மட்டும் பெரிதாக வந்து மற்றவற்றில் வராவிட்டால் அது அந்த ஊர்ச் சங்கதி.

#15 கணக்குப்பிள்ளை

அதோடு இன்னொரு சாட்சியும் உண்டு. மோதி முடிந்தபின் கருந்துளை மணி அடித்தது போல அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வின் ஒவ்வொரு சுரத்தையும், அது அடங்கும் நேரத்தையும், கருந்துளையின் நிறை, சுழற்சி இந்த இரண்டு எண்ணே முடிவு செய்கின்றன. முதல் சுரத்திலிருந்து நிறையையும் சுழற்சியையும் எடுத்துவிட்டால் இரண்டாவது சுரம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அங்கே இல்லாவிட்டால் அது கெர் கருந்துளை அல்ல. அங்கே வாயுவுக்கு வேலை மிகக் குறைவு, அதிர்வு நிமிடங்களில் முடிந்துவிடும்.

2025 ஜனவரி 14-ல் தரைக் கருவிகள் பிடித்த சிக்னல் இரைச்சலைப் போலச் சுமார் 80 மடங்கு. 2015-ல் வந்தது 24 மடங்கு. அதிலேயே இந்தச் சுரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள், ஐன்ஸ்டீன் தேறினார். லிசாவில் ஆயிரக்கணக்கான மடங்கு கிடைத்தால் எத்தனை சுரம் பிரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

#16 சுடரொளி

அலையின் வடிவம் பற்றி யாரும் பேசவில்லையே? ஐன்ஸ்டீனில் இரண்டு முனைவாக்கம் (அலை வெளியை நீட்டிச் சுருக்கும் விதம்), பொதுவான கோட்பாடுகளில் ஆறு வரை இருக்கலாம் என்று படித்தேன். ஒரே ஒரு லிசா அதைப் பிரிக்குமா?

#17 வெண்குள்ளன்

நீண்ட சிக்னல்களுக்குப் பிரிக்கும். லிசாவின் மூன்று கலங்கள் சேர்ந்த முக்கோணம் பூமிக்குப் பின்னால் சுமார் 5 கோடி கி.மீ. தள்ளிச் சூரியனைச் சுற்றும். சுற்றும்போதே தானும் புரண்டுகொண்டே போகும். ஒரே மூலத்தை ஒரு வருடத்தில் பல கோணத்திலிருந்து கேட்கிறோம், பல கருவி வைத்தது போல. சில மணி நேரம் மட்டும் பலமாகக் கேட்கும் மோதல்களுக்கு அது போதாது. அங்கே சீனாவின் தாய்ஜி, 30 லட்சம் கி.மீ. கரத்தோடு, அதே காலத்தில் பறந்தால் பெரிய உதவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிசா குழு பயிற்சிக்காக வெளியிட்ட சங்ரியா என்ற செயற்கை டேட்டாவை இறக்கி என் கணினியில் வரைந்து பார்த்தேன். ஒரு வருட டேட்டா. முதலில் ஒரே இரைச்சல் மாதிரி இருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் ஊசி மாதிரிக் குத்திட்டு நிற்பவை பெரிய கருந்துளை மோதல்கள், வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. மீதி இரைச்சல் என்று நினைத்தது கருவியின் இரைச்சல் மட்டும் அல்ல, நம் பால்வீதியின் வெண்குள்ளன் (எரிந்து ஓய்ந்த சிறு விண்மீன்) இணைகள் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் பேசுவதும் அதில் கலந்திருக்கிறது. எச்.எம். கான்க்ரி என்ற இணை 321 நொடிக்கு ஒரு சுற்று. அதன் அலை 6.2 மில்லிஹெர்ட்ஸில் வரும் என்று இன்றே தெரியும். அதன் ஒளி ஏறி இறங்குவதைத் தொலைநோக்கியில் பார்க்கிறோம். லிசா அதன் அலையையும் கேட்டால், இரண்டும் ஒரே தாளத்தில் வருகின்றனவா என்று பார்த்து மில்லிஹெர்ட்ஸில் ஈர்ப்பலையின் வேகத்தை நேரடியாகச் சோதிக்கலாம். மோதலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

#18 நீள்வட்டம்

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தொடங்கியபோது "இன்னும் ஒரு பரீட்சை" என்று நினைத்தேன், இப்போது கேள்வித்தாளே வேறு என்று தெரிகிறது.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். உங்கள் 140 நொடிக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், அதே விடை வந்தது. ஆனால் 1000 கோடி ஒளியாண்டு என்றால் அலை வரும் வழியில் பிரபஞ்சமே விரிந்திருக்குமே? புறப்பட்டபோது அலைநீளம் குறைவாக இருந்திருக்கும். அப்படியானால் தாமதமும் குறைய வேண்டாமா?

#19 கணக்குப்பிள்ளை

நீங்கள் சொல்வது சரி, நீள்வட்டம். நான் விரிவைச் சேர்க்கவில்லை, எழுதும்போதே குறிப்பிட்டிருக்க வேண்டும். பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தாமதத்தைப் பிரபஞ்சத்தின் அப்போதைய அளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அலை புறப்பட்டபோது பிரபஞ்சம் இன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதல். அங்கிருந்து இன்று வரை சராசரி ஏறக்குறைய மூன்றில் இரண்டு. ஆகவே 140 நொடி சுமார் 90 முதல் 95 நொடியாகக் குறையும். ஒரு சுற்றில் பதினொன்றில் ஒரு பங்கு. லிசாவுக்கு அதுவும் தெரியும். 2015 சிக்னல் பக்கத்தில் இருந்து வந்ததால் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. மேலே #5-ஐத் திருத்தி வைக்கிறேன்.